இருவீச்சு எஞ்சினா, நான்கு வீச்சு எஞ்சினா? பண்ணைக் கருவிகளை இயக்குவோர் அறிய வேண்டியவை

பயிருக்கு மருந்தடிக்க விசைத் தெளிப்பான், வரப்பில் புல் வெட்ட பிரஷ் கட்டர், களையெடுக்க பவர் வீடர், கன்று நடக் குழி தோண்டும் கருவி, வாய்க்காலிலிருந்து நீர் இறைக்கச் சிறு பம்பு என்று இன்று நடுத்தர விவசாயி ஒருவரின் வீட்டிலேயே இரண்டு மூன்று பெட்ரோல் எஞ்சின்கள் இருக்கின்றன. வேலைக்கு ஆள் கிடைப்பது அரிதாகிவிட்ட இந்நாளில் இவை பெரும் துணையாக உள்ளன. ஆயினும் ஒரே வகைக் கருவி ஒருவரிடம் பல ஆண்டுகள் உழைப்பதையும், மற்றொருவரிடம் முதல் பருவத்திலேயே பழுதாகிக் கொட்டகை மூலையில் கிடப்பதையும் பல ஊர்களில் காண்கிறோம்.

இதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் இச்சிறு எஞ்சின்கள் இரு வகைப்படும். ஒன்று இருவீச்சு எஞ்சின். மற்றொன்று நான்கு வீச்சு எஞ்சின். கடைகளிலும் பட்டறைகளிலும் இவற்றை 'டூ ஸ்ட்ரோக்', 'ஃபோர் ஸ்ட்ரோக்' என்று சொல்வார்கள். இரண்டும் பெட்ரோலில்தான் ஓடுகின்றன. ஆனால் ஒன்றுக்குப் பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். மற்றொன்றுக்குக் கலக்கக் கூடாது. இது மாறிப்போனால் எஞ்சின் இறுகி நின்றுவிடும். புகையான் கண்ட நெல் வயலில் பாதி மருந்தடித்த நிலையில் தெளிப்பான் நின்றுவிட்டால் பழுது பார்க்கும் செலவோடு இழப்பு முடிவதில்லை. கருவி சரியாகி வருவதற்குள் பூச்சி மீதி வயலையும் பிடித்துக் கொள்ளும்.

இத்தவறு இப்போது நேர்வதற்கு ஏற்ற சூழ்நிலையும் உள்ளது. 1980-இல் வெளிவந்த டிவிஎஸ் 50 மொபெட் இருவீச்சு எஞ்சின் கொண்டது. அதை ஓட்டியவர்கள் பெட்ரோல் பங்கில் பெட்ரோலோடு ஆயிலையும் அளந்து ஊற்றிக் கொள்வது வழக்கம். ஆகவே எண்ணெய் கலப்பது பற்றி அந்தத் தலைமுறையினருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதே வரிசையில் 2015-இல் வந்த எக்ஸ்.எல். 100 வண்டியோ நான்கு வீச்சு எஞ்சின் கொண்டது. இன்று விற்கும் பெட்ரோல் மோட்டார் சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும் நான்கு வீச்சு வண்டிகளே. இவற்றை மட்டுமே ஓட்டிப் பழகிய இளைஞர் விசைத் தெளிப்பானுக்கும் வெறும் பெட்ரோலை ஊற்றிவிடுவது இயல்பு. எனவே இவ்விரு எஞ்சின்களும் எப்படி இயங்குகின்றன, எங்கே வேறுபடுகின்றன என்பதைத் தெளிவாகத் தெரிந்து கொள்வது அவசியம்.

இரு வகைக்கும் பொதுவான அமைப்பு

எஞ்சினின் உள்ளே உருண்டையான குழாய் போன்ற சிலிண்டர் உள்ளது. அதனுள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. பிஸ்டனை இணைப்புத் தண்டு வழியாகக் கிராங்க் தண்டுடன் பிணைத்திருப்பார்கள். தையல் இயந்திரத்தில் மிதிபலகை மேலும் கீழும் ஆட, பெரிய சக்கரம் சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலவே பிஸ்டன் மேலும் கீழும் ஓடும்போது கிராங்க் தண்டு சுழல்கிறது. கிராங்க் தண்டு இருக்கும் அடிப்பகுதிக்குக் கிராங்க் அறை என்று பெயர்.

கார்புரேட்டரில் பெட்ரோலும் காற்றும் கலந்து ஆவிக் கலவையாகின்றன. இக்கலவை சிலிண்டருக்குள் சென்று, பிஸ்டனால் அழுத்தப்பட்டு, ஸ்பார்க் பிளக் தரும் தீப்பொறியால் எரிகிறது. எரியும் வாயு விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. இந்தத் தள்ளலே எஞ்சினின் ஆற்றல்.

பிஸ்டன் மேலிருந்து கீழே வருவது ஒரு வீச்சு. கீழிருந்து மேலே செல்வது மற்றொரு வீச்சு. இரண்டு வீச்சுகள் சேர்ந்தால் கிராங்க் தண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றும். இதை மனத்தில் வைத்துக் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

நான்கு வீச்சு எஞ்சின் இயங்கும் விதம்

1876-இல் ஜெர்மனியைச் சேர்ந்த நிக்கோலஸ் ஆட்டோ என்பவர் நான்கு வீச்சு எஞ்சினை வெற்றிகரமாக இயக்கிக் காட்டினார். இதில் சிலிண்டரின் தலைப்பகுதியில் இரண்டு வால்வுகள் உள்ளன. ஒன்று கலவை உள்ளே வருவதற்கு. மற்றொன்று புகை வெளியே செல்வதற்கு. நான்கு வீச்சுகளும் பின்வருமாறு நடைபெறுகின்றன.

1. உறிஞ்சும் வீச்சு: பிஸ்டன் கீழே இறங்குகிறது. உள்வால்வு திறந்து, பெட்ரோல்-காற்றுக் கலவை சிலிண்டருக்குள் வருகிறது.

2. அழுத்தும் வீச்சு: இரு வால்வுகளும் மூடிக் கொள்ள, பிஸ்டன் மேலேறிக் கலவையை அழுத்துகிறது.

3. ஆற்றல் வீச்சு: பிளக் தீப்பொறி தருகிறது. கலவை எரிந்து விரிந்து பிஸ்டனை வேகமாகக் கீழே தள்ளுகிறது.

4. வெளியேற்றும் வீச்சு: வெளிவால்வு திறக்கிறது. பிஸ்டன் மேலேறிப் புகையை முழுவதும் வெளியே தள்ளுகிறது.

இந்நான்கும் முடியக் கிராங்க் தண்டு இரண்டு முறை சுற்ற வேண்டும். நான்கில் ஒரு வீச்சுதான் ஆற்றல் தருகிறது. மற்ற மூன்றையும் கனமான விசைச் சக்கரம் தன் சுழலும் வேகத்தால் நடத்திச் செல்கிறது.

இந்த எஞ்சினின் கிராங்க் அறையில் மசகு எண்ணெய் தேங்கியிருக்கும். கிராங்க் தண்டு சுற்றும்போது இந்த எண்ணெய் வாரி இறைக்கப்பட்டுத் தாங்கிகளையும், பிஸ்டனின் பக்கங்களையும் நனைக்கிறது. இந்த எண்ணெய்க்கும் தொட்டியில் உள்ள பெட்ரோலுக்கும் தொடர்பு இல்லை. நம் ஊர்களில் நீர் இறைத்து வந்த ஆயில் எஞ்சின், டிராக்டர், பவர் டில்லர் ஆகியவையும் நான்கு வீச்சு வகையே. அவை டீசலில் ஓடுவதால் பிளக்கும் கார்புரேட்டரும் இல்லை. எண்ணெய் வைத்திருக்கும் முறை இதுவேதான்.

இருவீச்சு எஞ்சின் இயங்கும் விதம்

நான்கு வேலைகளையும் இரண்டே வீச்சுகளில் முடிக்கும் எஞ்சினை ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டுகால்ட் கிளார்க் முதலில் உருவாக்கினார். பின்னர் 1890-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பாத் நகரில் ஜோசப் டே என்பவர், கிராங்க் அறையையே கலவையை அழுத்தி அனுப்பும் அறையாகப் பயன்படுத்தி இதை மிக எளிய வடிவத்திற்குக் கொண்டு வந்தார். இன்று நாம் முதுகில் சுமக்கும் தெளிப்பான் எஞ்சின் அந்த வழியில் வந்ததே.

இதில் தலைப்பகுதி வால்வுகள் இல்லை. சிலிண்டரின் சுவரிலேயே துளைகள் உள்ளன. பிஸ்டன் மேலும் கீழும் ஓடும்போது தானே இத்துளைகளைத் திறந்து மூடுகிறது.

1. மேல் வீச்சு: பிஸ்டன் மேலேறும்போது அதன் தலைக்கு மேலுள்ள கலவை அழுத்தப்படுகிறது. அதே வேளையில் பிஸ்டனுக்குக் கீழே, கிராங்க் அறையில் வெற்றிடம் உண்டாகிப் புதிய கலவை கார்புரேட்டரிலிருந்து உறிஞ்சப்படுகிறது.

2. கீழ் வீச்சு: பிளக் தீப்பொறி தந்ததும் கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. இறங்கும் பிஸ்டன் கிராங்க் அறையில் உள்ள புதிய கலவையை அழுத்துகிறது. பாதி வழிக்கு மேல் இறங்கியதும் முதலில் புகைத்துளை திறந்து புகை வெளியேறுகிறது. அடுத்து மாற்றுத்துளை திறந்து, கிராங்க் அறையில் அழுந்தியிருந்த புதிய கலவை சிலிண்டருக்குள் பாய்ந்து, மீதிப் புகையையும் வெளியே தள்ளுகிறது.

ஆக, கிராங்க் தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் ஆற்றல் வீச்சு கிடைக்கிறது. நிமிடத்திற்கு 6,000 சுற்றுச் சுற்றும் இருவீச்சு எஞ்சினில் 6,000 முறை கலவை எரிகிறது. அதே வேகத்தில் ஓடும் நான்கு வீச்சு எஞ்சினில் 3,000 முறைதான் எரியும்.

முக்கியமான வேறுபாடு எண்ணெயில்தான்

மேலே சொன்னதில் ஒன்றைக் கவனியுங்கள். இருவீச்சு எஞ்சினில் பெட்ரோல் கலவை கிராங்க் அறையின் வழியாகத்தான் சிலிண்டருக்குச் செல்கிறது. ஆகவே அந்த அறையில் எண்ணெயைத் தேக்கி வைக்க முடியாது. வைத்தால் கலவையோடு சேர்ந்து எரிந்துவிடும். அப்படியானால் கிராங்க் தண்டின் தாங்கிகளுக்கும் பிஸ்டனுக்கும் மசகு எப்படிக் கிடைக்கும்? பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெயால் மட்டுமே கிடைக்கும். கலவை கிராங்க் அறைக்குள் நுழைந்ததும் பெட்ரோல் ஆவியாகிறது; எண்ணெய் நுண்துளிகளாகத் தாங்கிகளின் மீதும் சிலிண்டர் சுவரின் மீதும் படிந்து மசகிடுகிறது. பிறகு அதுவும் எரிந்து புகையோடு வெளியேறிவிடும்.

எனவே இருவீச்சு எஞ்சினின் பெட்ரோல் தொட்டியே அதன் எண்ணெய்த் தொட்டியும் ஆகும். நான்கு வீச்சு எஞ்சினுக்குப் பெட்ரோல் ஓரிடத்தில், எண்ணெய் வேறிடத்தில். இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்தால் பராமரிப்பு விதிகள் அனைத்தும் தாமாகவே விளங்கிவிடும்.

ஆற்றலும் எரிபொருள் செலவும்

ஒவ்வொரு சுற்றிலும் ஆற்றல் கிடைப்பதால் இருவீச்சு எஞ்சின் அதே அளவுள்ள நான்கு வீச்சு எஞ்சினைப்போல் இரு மடங்கு ஆற்றல் தர வேண்டும் என்று தோன்றும். நடைமுறையில் அவ்வளவு கிடைப்பதில்லை. பிஸ்டன் முழுதும் இறங்குவதற்கு முன்பே புகைத்துளை திறந்துவிடுவதால் எரிந்த வாயுவின் விசை முழுவதும் பயன்படுவதில்லை. சிறிது புகை உள்ளேயே தங்கியும் விடுகிறது. ஆயினும் எடைக்கு எடை பார்த்தால் இருவீச்சு எஞ்சினே வலியது. வால்வு, அதை இயக்கும் தண்டு, எண்ணெய்த் தேக்கம் ஆகியவை இல்லாததால் எடை குறைவு, விலையும் குறைவு, பழுது பார்ப்பதும் எளிது.

இதன் பெரிய குறை எரிபொருள் விரயம். புகைத்துளையும் மாற்றுத்துளையும் சிறிது நேரம் ஒன்றாகத் திறந்திருப்பதால், புதிய கலவையில் ஒரு பகுதி எரியாமலேயே புகையோடு வெளியே போய்விடுகிறது. கார்புரேட்டர் பொருத்திய சாதாரண இருவீச்சு எஞ்சின்களில் இது கால் பங்கு வரைகூட இருக்கலாம். ஒரு பருவத்தில் 30 லிட்டர் பெட்ரோல் ஊற்றுவதாக வைத்துக் கொண்டால், அதில் 7 லிட்டர் வரை வேலை ஏதும் செய்யாமல் போகக்கூடும். இத்துடன் 40-க்கு 1 என்ற அளவில் 750 மில்லி எண்ணெயும் எரிந்து தீரும். எரியாத பெட்ரோலும் எண்ணெய்ப் புகையும் காற்றை மாசுபடுத்துகின்றன. தெளிப்பானைச் சுமப்பவரின் மூக்குக்கு அருகிலேயே அவை வெளிவருகின்றன. சாலை வண்டிகளில் இருவீச்சு எஞ்சின் மறைந்ததற்கு இப்புகையே முக்கிய காரணம்.

எந்த வகை என்று கண்டறிவது எப்படி?

கருவியோடு வந்த கையேட்டைப் பார்ப்பதே சிறந்தது. கையேடு தொலைந்துவிட்டால் பின்வரும் அடையாளங்களைப் பார்க்கவும்.

1. எஞ்சினின் அடிப்பகுதியில், பெட்ரோல் தொட்டிக்குத் தொடர்பில்லாத தனி எண்ணெய் மூடி உள்ளதா? அதில் அளவுக்குச்சியோ அளவுக்கோடோ இருக்கும். இருந்தால் அது நான்கு வீச்சு எஞ்சின். இல்லாவிடில் பெரும்பாலும் இருவீச்சு எஞ்சினே.

2. பெட்ரோல் தொட்டி மூடியில் பங்கு அடையாளத்தோடு எண்ணெய்த் துளி அடையாளமும், 25:1, 40:1, 50:1 என்பது போன்ற எண்ணும் இருந்தால் அது இருவீச்சு எஞ்சின்.

3. ஓடும்போது வெளிர்நீலப் புகையும் எரிந்த எண்ணெய் மணமும் வந்தால் இருவீச்சு எஞ்சின் என்று கருதலாம். நான்கு வீச்சு எஞ்சினில் இவ்வாறு புகை வருமானால் அது தேய்மானத்தின் அறிகுறி.

ஐயம் தீராவிட்டால் விற்பனையாளரிடமோ பட்டறையிலோ காட்டிக் கேட்டபின் இயக்குவதே நல்லது. வாடகைக்குக் கருவி எடுக்கும்போதும் முதல் கேள்வி இதுவாகவே இருக்க வேண்டும்.

இருவீச்சு எஞ்சினுக்கு எண்ணெய் கலக்கும் முறை

இதற்கென்று விற்கப்படும் '2டி ஆயில்' மட்டுமே பயன்படுத்த வேண்டும். இது பெட்ரோலில் நன்கு கரைந்து, குறைந்த கரியோடு எரியும்படி தயாரிக்கப்பட்டது. டிராக்டருக்கு ஊற்றும் எஞ்சின் ஆயில், வடித்தெடுத்த பழைய ஆயில், கியர் ஆயில் ஆகியவற்றைக் கலக்கக் கூடாது. அவை சரியாகக் கரையாமல் அடியில் தங்கும். பிளக்கிலும் புகைத்துளையிலும் கரியைப் படியச் செய்யும்.

எவ்வளவு கலப்பது என்பது எஞ்சினைப் பொறுத்தது. கையேட்டில் உள்ள விகிதமே சரியானது. விகிதத்தை அளவாக மாற்றக் கீழ்க்கண்ட கணக்கு உதவும்.

25:1 எனில் 1 லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி. 5 லிட்டருக்கு 200 மில்லி.
30:1 எனில் 1 லிட்டருக்கு 33 மில்லி. 5 லிட்டருக்கு 167 மில்லி.
40:1 எனில் 1 லிட்டருக்கு 25 மில்லி. 5 லிட்டருக்கு 125 மில்லி.
50:1 எனில் 1 லிட்டருக்கு 20 மில்லி. 5 லிட்டருக்கு 100 மில்லி.

கலக்கும் முறை வருமாறு:

1. மூடியுள்ள சுத்தமான தனி கேனில் தேவையான பெட்ரோலில் பாதியை ஊற்றவும்.

2. எண்ணெயை அளவுக் குவளையில் அளந்து ஊற்றவும். மூடியால் ஒரு குத்துமதிப்பாக ஊற்றக் கூடாது. பூச்சிமருந்து அளக்கும் குவளையை இதற்குப் பயன்படுத்துவதும் தவறு.

3. கேனை மூடி நன்கு குலுக்கிய பின் மீதிப் பெட்ரோலை ஊற்றி மீண்டும் குலுக்கவும்.

4. வடிகட்டி வைத்த புனல் வழியாகத் தொட்டியில் நிரப்பவும். ஒவ்வொரு முறை நிரப்பும் முன்பும் கேனைக் குலுக்க வேண்டும்.

தொட்டியில் பெட்ரோலை ஊற்றிவிட்டு அதன்மேல் எண்ணெயை ஊற்றும் பழக்கம் சிலரிடம் உள்ளது. இதனால் எண்ணெய் அடியில் இறங்கிவிடும். முதலில் எண்ணெய் மிகுந்த கலவையும், பிறகு எண்ணெய் குறைந்த கலவையும் எஞ்சினுக்குச் செல்லும். ஒரே தொட்டியில் இரு கெடுதலும் நேரும்.

எஞ்சின் சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றக் கூடாது. அணைத்துச் சில நிமிடங்கள் ஆறவிட்டு, பீடி, அடுப்பு போன்ற நெருப்பு இல்லாத இடத்தில் நிரப்ப வேண்டும்.

தவறு நேர்ந்தால் என்னவாகும்?

இருவீச்சு எஞ்சினுக்கு வெறும் பெட்ரோல் ஊற்றினால்: எஞ்சின் வழக்கம்போலவே ஸ்டார்ட் ஆகும், முதலில் நன்றாக ஓடுவது போலவும் தோன்றும். சில நிமிடங்களில் மசகு வற்றிப் பிஸ்டன் அளவுக்கு மீறிச் சூடேறி விரிந்து, சிலிண்டரோடு ஒட்டிக் கொள்ளும். ஓசை மாறி, வேகம் தளர்ந்து, எஞ்சின் நின்றுவிடும். பிறகு கயிறு இழுத்தாலும் அசையாது. இதையே பட்டறையில் 'சீஸ் ஆகிவிட்டது' என்பார்கள். பிஸ்டன், வளையங்கள், சிலிண்டர், சில வேளை கிராங்க் தண்டின் தாங்கியும் மாற்ற நேரிடும். வெறும் பெட்ரோல் ஊற்றியது ஓடும்போதே நினைவுக்கு வந்தால், அந்தக் கணமே எஞ்சினை அணைத்து விடுங்கள். ஆறிய பின் தொட்டியையும் கார்புரேட்டரையும் வடித்துச் சரியான கலவை ஊற்றுங்கள். இந்த வரிசை முடியட்டும் என்று ஓட்டினால் எஞ்சின் மிஞ்சாது. இறுகிய எஞ்சினைக் கயிற்றை வலிந்து இழுத்துச் சுழற்ற முயலாமல் பட்டறைக்குக் கொண்டு செல்லவும்.

இருவீச்சு எஞ்சினுக்கு எண்ணெய் அதிகமாகக் கலந்தால்: 'கொஞ்சம் கூடினால் நல்லதுதானே' என்று எண்ணுவது சரியல்ல. புகை மிகும், பிளக் கரி பிடித்து எஞ்சின் விட்டு விட்டு ஓடும், புகைத்துளையும் சைலன்சரும் அடைத்து ஆற்றல் குறையும். மேலும் எண்ணெய் கூடக்கூட அதே அளவு கலவையில் பெட்ரோல் குறைவதால் எஞ்சின் மேலும் சூடாகவும் கூடும்.

நான்கு வீச்சு எஞ்சினுக்கு எண்ணெய் கலந்த பெட்ரோல் ஊற்றினால்: உடனடியாகப் பெரிய சேதம் இல்லை. புகை வரும்; பிளக்கிலும் வால்விலும் கரி படியும். வடித்துவிட்டு வெறும் பெட்ரோல் ஊற்றினால் போதும். ஆனால் பெட்ரோலில் எண்ணெய் இருக்கிறதே என்று கிராங்க் அறையில் எண்ணெய் ஊற்றாமல் ஓட்டினால் அதுவும் இறுகிப் போகும்.

ஆகவே, இரு வகை எஞ்சினும் உள்ள வீட்டில் இரண்டு கேன் வைத்திருங்கள். கலந்த பெட்ரோல் கேனுக்குச் சிவப்பு வண்ணம் பூசி, 'எண்ணெய் கலந்தது' என்று எழுதுங்கள். இருவீச்சுக் கருவியின் தொட்டியிலும் சிவப்புப் பட்டை ஒன்று இடுங்கள். கருவியை எப்போதும் நீங்களே இயக்குவதில்லை. மகனோ, வேலையாளோ, பக்கத்து வயல்காரரோ எடுத்துச் செல்லும்போது, சிவப்புக் கேன் சிவப்புத் தொட்டிக்கு என்ற ஒரு விதி போதும். இதற்கு ஆகும் செலவு ஒரு சிறு டப்பா வண்ணம் மட்டுமே.

நான்கு வீச்சு எஞ்சினின் பராமரிப்பு

இதற்குப் பெட்ரோலில் ஏதும் கலக்க வேண்டாம் என்பது வசதியே. ஆனால் கிராங்க் அறை எண்ணெயைக் கவனிக்கத் தவறுவோர் பலர். புதுக் கருவிகள் பெரும்பாலும் எண்ணெய் ஊற்றாமலேயே வருகின்றன. முதல் நாள் எண்ணெய் ஊற்றாமல் கயிறு இழுப்பது பெருந்தவறு.

1. ஒவ்வொரு நாளும் இயக்குவதற்கு முன், கருவியைச் சமதரையில் வைத்து எண்ணெய் அளவைப் பார்க்கவும். குறைந்தால் ஊற்றவும், குறிக்கு மேலும் ஊற்றக் கூடாது.

2. பிரஷ் கட்டரில் பொருத்தும் 25 முதல் 35 கன சென்டிமீட்டர் எஞ்சின்கள் கொள்ளும் எண்ணெய் சுமார் 80 முதல் 100 மில்லி மட்டுமே. இவ்வளவு சிறிய அளவில் 30 மில்லி குறைந்தாலும் பெருங்குறைவுதான்.

3. புது எஞ்சினில் தேய்மானத் துகள்கள் அதிகம் சேரும். ஆகவே சிறு எஞ்சின்களில் முதல் 10 மணி நேரத்திலும், பிறகு 50 மணி நேரத்திற்கு ஒரு முறையும் எண்ணெய் மாற்றுவது பொதுவான முறை. பவர் வீடர், பம்பு போன்றவற்றின் பெரிய எஞ்சின்களுக்கு முதல் 20 மணி, பிறகு 100 மணி என்பது வழக்கம். கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றவும். 10டபிள்யூ-30 தரமுள்ள எஞ்சின் ஆயில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும். 2டி ஆயிலைக் கிராங்க் அறையில் ஊற்றக் கூடாது.

4. பம்பு, பவர் வீடர் எஞ்சின்களை அதிகமாகச் சாய்த்து இயக்கக் கூடாது. சாய்ந்தால் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி மசகு எட்டாமல் போகும். எண்ணெய் குறைந்தால் தானே நிற்கும் அமைப்பு சில எஞ்சின்களில் உண்டு. வாய்க்கால் கரையின் சரிவில் வைத்த பம்பு எவ்வளவு இழுத்தும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், முதலில் அதைச் சமமாக வைத்துப் பாருங்கள்.

எந்த வேலைக்கு எது?

முதுகில் சுமந்தோ, கையில் பிடித்தோ, சாய்த்தும் திருப்பியும் செய்யும் வேலைக்கு எடை குறைந்த இருவீச்சு எஞ்சின் ஏற்றது. மரம் அறுக்கும் செயின் வாளில் இன்றும் இருவீச்சு எஞ்சினே பெரும்பாலும் உள்ளது. எண்ணெய் பெட்ரோலோடு வருவதால், வாளை எப்பக்கம் சாய்த்தாலும் மசகு தடைபடுவதில்லை என்பதே காரணம். ஆண்டில் சில நாட்களே பயன்படும் விசைத் தெளிப்பானுக்கும் இது போதும்.

ஓரிடத்தில் நின்றோ, சக்கரத்தில் உருண்டோ, தொடர்ந்து பல மணி நேரம் ஓட வேண்டிய பம்பு, பவர் வீடர் போன்றவற்றுக்கு நான்கு வீச்சு எஞ்சினே சிக்கனமானது. எடை அங்கு பொருட்டல்ல. மிச்சமாகும் பெட்ரோலே பொருட்டு.

பிரஷ் கட்டரும் முதுகுத் தெளிப்பானும் இரு வகையிலும் கிடைக்கின்றன. இவற்றுக்கான சிறு நான்கு வீச்சு எஞ்சின்களில் எப்பக்கம் சாய்த்தாலும் மசகு எட்டும்படி அமைத்த வகைகளும் உள்ளன. வாடகைக்கு ஓட்டுவோரும், தினமும் தீவனப்புல் வெட்டுவோரும் சற்றுக் கூடுதல் விலை கொடுத்து நான்கு வீச்சு வகையை வாங்கினால் எரிபொருள் மிச்சத்தில் அதை ஈடுகட்டலாம்; புகையும் குறைவு. எப்போதாவது பயன்படுத்துவோருக்கு இருவீச்சு வகையே போதுமானது. ஓர் ஏக்கருக்கும் குறைவான காய்கறித் தோட்டத்திற்கு எஞ்சினே வேண்டாம். மின்கலத்தால் இயங்கும் தெளிப்பானே போதும். வாங்குமுன், மானியம் உண்டா என்பதை அருகிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டறியவும்.

தெளிப்பின் தரமும் எஞ்சின் வேகமும்

விசைத் தெளிப்பானில் எஞ்சின் சுழற்றும் விசிறியின் காற்றே மருந்துக் கரைசலை நுண்துளியாகச் சிதறச் செய்கிறது. எஞ்சின் வேகம் குறைந்தால் துளி பெரிதாகி இலையில் தங்காமல் வழியும், தூரமும் எட்டாது. ஆகவே கரி அடைத்த சைலன்சரும், தேய்ந்த பிளக்கும் மருந்தையும் வீணாக்குகின்றன. இருவீச்சு எஞ்சினில் பிளக்கை அவ்வப்போது கழற்றிக் கரியைத் துடைத்து, இடைவெளியை 0.6 முதல் 0.7 மில்லிமீட்டருக்குள் வைக்கவும். பருவத்திற்கு ஒரு முறையாவது புகைத்துளையிலும் சைலன்சரிலும் படிந்த கரியை நீக்கச் செய்யவும். இரு வகை எஞ்சினுக்கும் காற்று வடிகட்டியைச் சுத்தமாக வைப்பது இன்றியமையாதது.

பருவம் முடிந்து எடுத்து வைக்கும்போது

இன்று நாம் வாங்கும் பெட்ரோலில் 20 சதம் வரை எத்தனால் கலந்துள்ளது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. நீர் அதிகமாகச் சேர்ந்தால் எத்தனாலும் நீரும் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். எஞ்சின் அடியிலிருந்துதான் எரிபொருளை உறிஞ்சுகிறது. இருவீச்சு எஞ்சினுக்கு அப்போது எண்ணெய் இல்லாத திரவமே முதலில் செல்லும் என்பதை நினைவில் கொள்ளவும். கார்புரேட்டரின் ரப்பர் பாகங்களும் நாளடைவில் கெடும்.

எனவே ஒரு மாதத்திற்குள் தீரும் அளவே கலந்து வைக்கவும். பருவம் முடிந்ததும் தொட்டியை வடித்து, கார்புரேட்டரில் உள்ளது தீர்ந்து தானே நிற்கும்வரை எஞ்சினை ஓட்டவும். ஆறியபின் பிளக்கைக் கழற்றி, துளை வழியாகச் சில துளி எண்ணெய் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு முறை இழுத்து, பிளக்கைத் திரும்பப் பொருத்தவும். மருந்துத் தொட்டியையும் குழாய்களையும் நீரால் கழுவி உலர்த்தி வைக்கவும். அடுத்த பருவத்தில் பழைய பெட்ரோலைப் பயன்படுத்தாமல் புதிதாகவே கலந்து கொள்ளவும்.

சுருக்கமாகச் சொன்னால், தனி எண்ணெய் மூடி இருந்தால் வெறும் பெட்ரோல்; தினமும் எண்ணெய் அளவைப் பார்க்கவும். தனி எண்ணெய் மூடி இல்லையெனில் 2டி ஆயிலை அளந்து கலந்த பெட்ரோல், குலுக்கி ஊற்றவும். ஐயம் இருந்தால் கேட்டறியும்வரை கயிற்றை இழுக்க வேண்டாம். இவற்றை உங்கள் வீட்டில் கருவியைக் கையாளும் அனைவருக்கும் சொல்லிக் கொடுங்கள். மருந்தடிக்க வேண்டிய நாளில் கருவி தவறாமல் இயங்கினால் பயிரும் காக்கப்படும். பழுதுச் செலவும் மிச்சமாகும்.